ஒன்றாவது கியர் என் பக்கம்

லாரி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது.

ஒரு முக்கல், ஒரு உலுக்கல், என்ஜின் அணைந்தது. பின்னால் தொட்டிக்குள் தண்ணீர் ஒரு தரம் புரண்டு அடங்கியது. என் வீட்டுக்காரர் வேலுச்சாமி பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை நேரம். எங்களுக்குப் பின்னால் நல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற கூட்டம், மொபெட்டும் கம்பெனி வேனும் டவுன் பஸ்ஸுமாக நின்றது. எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஹாரன் அடித்தார்கள்.

அவருடைய இடது கை கியர் குமிழின் மேல் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். தள்ளவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. சமதரையில் இதுவரை வலது கையைக் குறுக்கே கொண்டு வந்து கியர் போட்டுச் சமாளித்திருந்தார். அந்த நேரத்தில் ஸ்டீரிங்கை நெஞ்சால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஏற்றத்தில் அந்த வித்தை செல்லவில்லை.

நான் பக்கத்துச் சீட்டில் சோறு கட்டிய தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க தள்ளோணும்னு சொல்லுங்க," என்றேன்.

"உனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அதனாலதான் கேக்கறேன்."

பின்னால் பஸ்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். இவர் கிளட்சை மிதித்தார். "உம்பட பக்கமா இழு. இழுத்துட்டுக் கீழ."

தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கடக் என்று விழுந்தது. அவர் சாவியைத் திருகினார். லாரி தரையை உறிஞ்சிக்கொண்டு ஏறுவது போல மெள்ள மெள்ள ஏறியது. மேலே போய்ச் சேரும் வரை நான் லீவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எடுத்தால் கியர் கழன்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு விவரம்.

தண்ணீர் ஓடிய காலம்

போன வாரம் பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பார்த்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வேலையை எதற்காக விட்டேன் என்று கேட்டவர்களுக்கு இந்த வாரம்தான் பதில்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் போதாது. காங்கேயம் ரோட்டில் தோட்டங்களில் இருந்த கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் இரவு பகலாகத் தண்ணீர் சுமந்தன. அதில் ஒரு லாரி எங்களுடையது. பழைய வண்டிதான், ஆனால் சொந்த வண்டி. முன் கண்ணாடியில் எங்கள் குலதெய்வத்தின் பெயரை மஞ்சளில் எழுதியிருந்தார். என் பெயரை எழுதவில்லை. அதை நான் அப்போதே சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு பதிமூன்று வருஷம் இருக்கும். அவர் லாரியில் போகும்போது நான் கம்பெனியில் இருப்பேன். நான் வரும்போது அவர் தூங்குவார். சோறு இருக்கிறது, குழம்பு சூடு பண்ணிக்கொள்ளுங்கள், கேஸ் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் எங்கள் பேச்சு இவ்வளவுதான். சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடக்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

ஒரு நாள் மொபெட்டில் வரும்போது குறுக்கே ஆடு ஓடி வந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் இடது தோள்பட்டையில் விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் வரவில்லை. நரம்பு இழுபட்டிருக்கிறது, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொன்னார்.

டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னாள் அவருடைய அக்கா தெய்வாத்தாள். வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நங்கை சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. அன்றைக்கு இவர் பேசினார்.

"எம் வண்டிய இன்னொருத்தன் ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கோணுமா? அதுக்கு நான் அந்த ஆட்டு மேலயே உட்டுருக்கலாம்."

கட்டைப் பிரித்த மறுநாளே வண்டியை எடுத்துவிட்டார். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். அந்த ஏற்றத்தில் நடந்ததுதான் மேலே சொன்னது.

உலக்கைப் பள்ளிக்கூடம்

அடுத்த நாளே கம்பெனியில் போய் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் உரலில் உலக்கையை நட்டு, சுற்றிலும் தவிட்டைக் கொட்டிக் கியர் லீவர் மாதிரி அசையும்படி வைத்தார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். பக்கத்தில் முக்காலியில் நான். எதிர்வீட்டுக்காரர்கள் பேன் பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு உம்பட பக்கம். கீழ. ரெண்டும் மூணும் நடுவுல. நாலும் அஞ்சும் எம்பட பக்கம். ரிவர்ஸும் உம்பட பக்கந்தான், மேல."

"கஷ்டமானதெல்லாம் எம்பட பக்கமே வெச்சிருக்கறாங்களா?"

"வண்டி பண்ணுனவங்க உன்னைப் பாத்துட்டுத்தான் பண்ணியிருப்பாங்க போல."

அவர் கேலி பேசி நான் கேட்டதே அபூர்வம். அதனால் அது அப்படியே நினைவில் இருக்கிறது.

புதிதாக லாரி ஓட்டப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், காருக்குப் போடுவதுபோல அந்தக் காலத்து லாரிக்குக் கியர் போட முடியாது. கிளட்சை ஒரு தரம் மிதித்து லீவரை நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். காலை எடுக்க வேண்டும். மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியருக்குள் விட வேண்டும். கியரைக் குறைப்பதானால், லீவர் நடுவில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். அவசரப்பட்டால் பல்லும் பல்லும் உரசிக் கரகரவென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் இவர் தன் பல் விழுந்தாற்போல முகத்தைச் சுளிப்பார்.

மிதிப்பது அவர், தள்ளுவது நான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை. முதலில் "மூணு", "ரெண்டு" என்று வாயால் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பிறகு நாக்கால் டக் என்று ஒரு சத்தம். அதுவும் என்ஜின் இரைச்சலில் சில நேரம் கேட்காது.

அப்புறம்தான் நான் அவர் முட்டியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கிளட்சை மிதிப்பதற்கு முன் இடது முட்டி கொஞ்சம் மேலே எழும்பும். முட்டி எழும்பினால் என் கை போகும். முட்டி தாழ்ந்தால் லீவர் நடுவுக்கு வரும். இரண்டாம் தரம் எழும்பித் தாழும்போது உள்ளே விடுவேன். எந்தக் கியர் என்று என்ஜினே சொல்லிவிடும். கட்டிய புருஷனின் முகத்தைவிட முட்டியை அதிகம் பார்த்தவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சட்டம் இதை ஒப்புக்கொள்ளாது. யாரும் இதைப் பார்த்துச் செய்யவும் வேண்டாம். நாங்கள் செய்தோம்.

தண்ணீரின் குணம்

தண்ணீர் லாரிக்கு மட்டும் இன்னொரு பாடம் உண்டு. தொட்டி நிறைய இருந்தால் தண்ணீர் சும்மா இருக்கும். பாதி லோடை ஒரு பட்டறையில் இறக்கிவிட்டு மீதியை இன்னொன்றுக்குக் கொண்டு போகும்போதுதான் அது ஆட்டம் போடும். கியர் மாற்ற வேகம் குறையும் அந்த ஒரு கணத்தில் மொத்தமும் முன்னால் ஓடி வந்து முதுகில் தள்ளும். உடனே பின்னால் போய் இழுக்கும். தள்ளும்போது கியரை விட்டால் வண்டி குதிக்கும். அது வந்துவிட்டுப் போகும் வரை காத்திருக்க வேண்டும்.

"வந்துட்டுப் போகட்டும். இப்பப் போடு புள்ள."

அந்தக் குரலில் அவர் வேறு எதையும் என்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்று. ஏற்றத்தில் ஏறிக்கொண்டே கியரைக் குறைக்கக் கூடாது, ஏறுவதற்கு முன்னாலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். லோடு வண்டியை ஏற்றத்தில் நிறுத்த நேர்ந்தால் ஒன்றாவது கியரில் போட்டு என்ஜினை அணைக்க வேண்டும். இறக்கத்தில் என்றால் ரிவர்ஸ். எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். கீழே இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரைக்கும் கியர்தான் பிடித்துக்கொள்ளும். இதை அவர் அடிக்கடி சொல்வார். "பின்னால வர்றவன் நம்மள நம்பித்தான் வர்றான்" என்பார்.

நங்கையைத் தவிர வெளியே யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. லீவர் மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில்தான் என் கை வேலை செய்யும். மற்ற டிரைவர்கள் பேசாமல் இருப்பார்களா? பொண்டாட்டிக்குச் சந்தேகம், அதனால்தான் காவலுக்கு வருகிறாள் என்றார்கள். சாயப்பட்டறை வாட்ச்மேன், "கண்டக்டரம்மா வந்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஆரோக்கியம் என்ற டேங்கர் டிரைவர் மட்டும் என்னை, அண்ணி என்கிற அர்த்தத்தில், மைனி, மைனி என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். கேட்டதில்லை.

நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தில் தண்ணீர் ஏறும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். தனக்கு இருட்டில் கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம் என்று ஒரு நாள் சொன்னார். பிள்ளையில்லாத வருத்தத்தை இன்னொரு நாள் சொன்னார். அத்தனை வருஷமாக அந்த வருத்தம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கு அந்தச் சீட்டு பிடித்துப்போனது. ஸ்பிரிங் குத்தும், கோடையில் என்ஜின் சூடு காலைப் பொசுக்கும். இருந்தாலும் வேறெங்கும் உட்கார எனக்கு ஆசை வரவில்லை.

நான் பார்த்தது

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். தோட்டத்தில் தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. நான் வரப்போரம் குப்பைக்கீரை பறிக்கப் போயிருந்தேன். மடி நிறையக் கீரையோடு லாரிக்குப் பின்பக்கமாகத் திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது.

அவர் சீட்டில் உட்கார்ந்து கியர் போட்டுக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடவில்லை. இடது கை துண்டை விலக்கிவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று லாகவமாகப் போய் வந்தது. நடுக்கம் கிடையாது. அந்தக் கை தேறி எத்தனையோ நாளாகியிருக்க வேண்டும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஊர்க் கேலியை வாங்கிக்கொண்டு நான் எதற்கு இங்கே அல்லாடுகிறேன்? அடுத்த நொடி கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. கை சரியாகிவிட்டது என்று அவர் சொல்லிவிட்டால் என் சீட்டு போச்சு. மறுபடி செக்கிங் டேபிள், மறுபடி குழம்பு சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நான் நாலெட்டுப் பின்னால் போய்ப் பலமாகத் தொண்டையைச் செருமினேன். பிறகு கால் தேய நடந்து வந்து ஏறினேன். துண்டு லீவர் மேல் ஒழுங்காகக் கிடந்தது. இடது கை வழக்கம்போல மடியில் கிடந்தது.

அவர் ரோட்டைப் பார்த்தார். இடது முட்டி எழும்பியது.

"போடு புள்ள," என்றார்.

நான் போட்டேன். அவருக்கும் நான் அங்கே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கீரை முழுவதையும் காலடியில் கொட்டிவிட்டேன்.

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு முறை பாதி லோடோடு வரும்போது, தண்ணீர் போவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு விட்டேன். பல் உரசியது. அவருடைய இடது கை பாய்ந்து வந்து என் கை மேல் விழுந்து, நடுவுக்கு இழுத்து, இரண்டுக்குள் தள்ளிவிட்டு, மடிக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு, "காங்கேயத்துல தேங்கா எண்ண வாங்கோணும்னு சொன்னியே," என்றார்.

"ஆமாங்க, வாங்கோணும்," என்றேன்.

அதற்குப் பிறகும் வெகுநாள் நான்தான் கியர் போட்டேன்.

பட்டுச்சேலை

என் தங்கை மகள் பெரியவளானாள். அனுப்பர்பாளையத்தில் சீர். பெரியம்மா போகாமல் இருக்க முடியாது. இரண்டு நாள் முன்னாலிருந்தே இவர், "நீ இல்லாம எப்படிப் போறது? வண்டி நிக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று காலையில் பட்டறையிலிருந்து போன் மேல் போன் வந்திருக்கிறது. சாயத்தொட்டியில் துணி கிடக்கிறது, தண்ணீர் இல்லை என்று. நான் அப்போது அனுப்பர்பாளையத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தேன். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கை வீட்டுப் பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் தட்டுகிற சத்தம். மண்டபத்தில் மேளம். அந்தச் சத்தத்தில் தங்கை வீட்டுக்காரர் என் காதில் வந்து சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. மூன்றாம் தரம் சொன்னபோது விளங்கியது.

பெரியாஸ்பத்திரிக்கு நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். நங்கை எனக்கு முன்னால் வந்து வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. உடம்பைக் கொடுக்கச் சாயங்காலம் ஆகும், அதற்குள் ரோட்டில் நிற்கிற லாரியை எடுங்கள், வீட்டு ஆட்கள் யாராவது கூட இருக்க வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னார். சேதி கேட்டு அங்கே வந்திருந்த ஆரோக்கியம் நான் எடுக்கிறேன் என்றார். நானும் நங்கையும் ஆட்டோவில் போனோம். பட்டுச்சேலையை மாற்ற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அதே ஏற்றம். பாதியில், ரோட்டின் ஓரமாக, லாரி நின்றிருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர். அடியில் குழாய் முனையிலிருந்து சொட்டிச் சொட்டித் தார் ரோட்டில் ஒரு கோடு கீழே ஓடியிருந்தது.

வேலைக்குப் போகிற நேரத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் நின்றும், பின்னால் ஒரு சைக்கிளுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். லாரி பக்கத்தில் ஒரு இந்திக்காரப் பையன் முகம் வெளுத்துப்போய் நின்றான். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். கதவைத் திறந்து இவர் வாயில் தண்ணீர் ஊற்றியது அவன்தான். போலீஸ்காரர் காலையிலிருந்து அவனைப் போகவிடவில்லை.

ஆரோக்கியம் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடும் முன் வழக்கப்படி லீவரை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"மைனி, வண்டி ஒண்ணாவது கியர்ல கெடக்கு. தண்ணி வெயிட்டு பூரா அதுலதான் நிக்கி. யாரு போட்டா?"

போலீஸ்காரர் திரும்பினார். நங்கை அதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"எந்தம்பிக்குத்தான் அந்தக் கையே வராதுங்களே. இவதான தெனமும் போட்டுட்டிருந்தா. இன்னிக்கு இவ இல்ல. அப்ப எவனோ கூட இருந்திருக்கறானுங்க. இருந்துட்டு, எந்தம்பி நெஞ்சப் புடிச்சதும் உட்டுட்டு எறங்கீட்டான்."

அவள் கண் அந்தப் பையன் மேல் போனது. போலீஸ்காரர் கண்ணும் போனது. "நீதான் உள்ள இருந்தியா?" என்று அவனைக் கேட்டார். பையனுக்குப் பாஷை புரியவில்லை. கேட்ட விதம் புரிந்துவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டு இந்தியில் என்னென்னவோ சொன்னான்.

அந்தப் பையனுக்காகத்தான் நான் வாயைத் திறந்தேன். இல்லாவிட்டால் அந்த ரகசியத்தை யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன்.

"யாரும் இல்லீங்க. அவரேதான் போட்டிருக்கறாரு," என்றேன். "அவரு கை நல்லாயிருச்சுங்க. நல்லாயி ரொம்ப நாளாச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் போலீஸ்காரர்.

"நான் பாத்திருக்கறனுங்க. ஏத்தத்துல நின்னா ஒண்ணுல போட்டு அணைக்கோணும்னு அவருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. பின்னால ஆளுங்க வர்றாங்களே, அதுக்காகப் போட்டிருப்பாரு. அந்தப் பையனை உட்டுருங்க. கடசியா வாயில தண்ணி ஊத்துனவன் அவன்."

போலீஸ்காரர் லாரியைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் ஓடவில்லை, என் பக்கம் ஒரு தரம் கும்பிட்டுவிட்டு ஏற்றத்தில் நடந்து போனான்.

நங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நல்லாயிருச்சுன்னா, அப்பறம் எதுக்கு நீ தெனமும் அவங்கூடப் போனே?"

அத்தனை பேர் நடுவில் கேட்டாள். ஆரோக்கியம் ஸ்டீரிங்கைப் பார்த்தார்.

"அவரு வரச் சொன்னாருங்க நங்கை," என்றேன். "எனக்கும் போகோணும்னு இருந்துச்சு."

நான் லாரியைச் சுற்றிக்கொண்டு போய் என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். படியில் கால் வைத்தபோது பின்னால் வந்து என் சேலைக் கொசுவத்தை இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து ஏறு கண்ணு. பட்டுல கிரீசு ஒட்டீரும்," என்றாள்.

ஒன்றிலேயே

துண்டு கீழே விழுந்திருந்தது. லீவர் என் சீட்டுப் பக்கம் சாய்ந்து, கீழே கிடந்தது. நெஞ்சு வலித்த நேரத்தில் அவர் இடது கையை என் சீட்டு வரைக்கும் நீட்டித்தான் அதைப் போட்டிருக்க வேண்டும். நான் வழக்கம்போலக் குமிழ் மேல் கை வைத்தேன்.

ஆரோக்கியம் கிளட்சை மிதித்துக்கொண்டே சாவியைத் திருகினார். லாரி ஒரு தரம் நடுங்கிவிட்டு ஏறத் தொடங்கியது. ஏற்றம் முடிந்து ரோடு சமமானது. என்ஜின் இரண்டு கேட்டுக் கத்தியது. ஆரோக்கியத்தின் முட்டி எழும்பியது, இடது கை லீவருக்கு வந்தது. என் கை அங்கே இருந்ததால் நின்றது.

"மைனி, ரெண்டு போடணும்."

"ஒண்ணுலயே போலாமுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கிளட்சிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

சாயப்பட்டறை வரைக்கும் ஆள் நடக்கிற வேகத்தில் போனோம். பின்னால் வேனும் பஸ்ஸும் ஹாரன் அடித்தன. ஒதுங்கி முந்திப் போனவர்கள் ஜன்னலில் திட்டிவிட்டுப் போனார்கள். என்ஜின் சூடேறிக் காலைப் பொசுக்கியது. வண்டிக்கு அது நல்லதில்லை என்று எனக்கும் தெரியும், ஆரோக்கியத்துக்கும் தெரியும்.

வாட்ச்மேன் எதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். தண்ணீர் இறக்குகிற இடத்தில் ஆரோக்கியம் வண்டியை நிறுத்தினார்.

"எடுத்திருங்க மைனி," என்றார்.

அவர் முட்டி எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்து, எழும்பித் தாழ்ந்ததும் மேலே தள்ளினேன். சுலபமாக வந்துவிட்டது. இனி எந்தக் கியரிலும் இல்லாமல் லீவர் என் கைக்கடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது.